அடுத்த மாசம் இன்னும் கம்மியாவும்

தக்காளி விற்கிறவர், காலையில் கொண்டுவந்த சரக்கு சாயங்காலத்துக்குள் அழுகிவிடுமே என்று புலம்புவார். கம்ப்யூட்டர் விற்கிறவருக்கு அந்தச் சாயங்காலம் வரைக்கும்கூட நேரம் கிடையாது, சரக்கு லாரியிலிருந்து இறங்கும்போதே அழுக ஆரம்பித்துவிடும்.

ஒரு பொருளை ஆசை ஆசையாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாளே, அதைவிட நல்லது அதைவிடக் குறைந்த விலையில் பேப்பர் விளம்பரத்தில் வந்து பல்லைக் காட்டியதைப் பார்த்து வயிறெரிந்தவரா நீங்கள்? அப்படியென்றால் வாங்க, உட்காருங்க, நீங்க நம்ம ஆள். நீங்கள் ஒரு தடவைதான் எரிந்தீர்கள். எங்கள் குமரேசன் மாமா மாசத்துக்கு ஒரு தடவை எரிவார். அம்மாவின் தம்பி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்குக் கம்ப்யூட்டர் கடை. கீழே கடை, மேலே வீடு. நான் பிளஸ் டூ படித்த வருஷம், பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடைதான் எனக்கு மேடை. வந்து போகிற ஒவ்வொருவர் குரலையும் பிடித்துவைத்து, அவர் படியிறங்கியதும் மாமாவுக்கே திருப்பிப் போட்டுக் காட்டுவேன். சம்பளம், மண்டையில் ஒரு குட்டு.

லாட் வந்து இறங்கியது

ஆடி மாசம் மாமா சென்னைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஏதோ பெரிய ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்ததாம். ஏலத்தில் இருபது பெட்டிகளை ஒரே லாட்டாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாம் முதுகில் கூன் விழுந்த குண்டு மானிட்டர்கள். "புதுசு ஒண்ணு வாங்கற காசுக்கு நம்மகிட்ட மூணு கெடைக்கும்டா" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

விஷயம் சின்னசேலம் வரை போய்விட்டது. அங்கே மாமாவின் மாமனாருக்கு ஜவ்வரிசி மில். கல்யாணத்தன்றிலிருந்தே மாப்பிள்ளையை மில்லில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கடை இருக்கிற கட்டடமும் அவர் மகளுக்கு எழுதிக் கொடுத்ததுதான். ஆகவே நேரில் வந்தார், இரண்டு தடவை தொண்டையைச் செருமினார், தீர்ப்பைச் சொன்னார்: "பொங்கலுக்குள்ள இந்தப் பொட்டியெல்லாம் போயிடணுங்க, மாப்ள. போவலன்னா ஷட்டர இறக்கிட்டு மில்லுக்கு வந்துடுங்க."

மாமாவுக்கு மில் என்றால் பூனைக்குத் தண்ணீர்போல. நானும் நடுங்கினேன். மாமா மில்லுக்குப் போனால் எனக்கு மேடை எது? லாட் வந்த அன்றைக்கே எங்களுக்குத் தைரியம் சொல்லியிருந்தது ஒரே ஒருவர்தான். கடைசி மானிட்டரைத் தோளிலிருந்து இறக்கி வைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற லோடுமேன்.

"செம கனமா கீதுங்க, மொதலாளி. சரக்கு நல்ல சரக்குதான்."

மாட்டிலிருந்து கன்றுக்குட்டிக்கு

ஆரோக்கியம் சாருக்குச் சங்கராபுரத்தில் அரசாங்க உத்தியோகம். சம்பளம் வந்த மறுநாள் கடைக்கு வருவார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார், நாற்காலியில் உட்காருவார், மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிக்கிற குரலில் நிதானமாகக் கேட்பார்: "தம்பி, இப்ப இன்னா ரேட்டு ஓடுது?" தங்கத்துக்குக் கேட்பதுபோல. மாமா சொல்வார். சார் கண்ணை மூடிப் போன மாசத்து விலையை நினைத்துக்கொள்வார். மெதுவாக முகத்தில் ஒரு சந்தோஷம் பரவும். "எறங்கியிருக்கு." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அவர் மகன் சேவியர் ஆறாம் வகுப்பு சேர்ந்தபோது ஆரம்பித்த பழக்கம் இது. அப்போதெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் விலையில் ஒரு பைக்கும் ஒரு கறவை மாடும் வாங்கலாம். பிறகு பைக் மட்டும். பிறகு மாடு மட்டும். நான் சொல்கிற வருஷம் கன்றுக்குட்டியில் வந்து நின்றது. சேவியர் இப்போது என்னோடு பிளஸ் டூவில் பக்கத்துப் பெஞ்சு. மாமா ஒருநாள் பொறுமை இழந்து, லாட்டிலிருந்து ஒன்றைத் துடைத்து அவர் மடியிலேயே வைக்காத குறையாக, "சார், இதுக்கு மேல எறங்க எடமே இல்ல சார், எடுத்துக்கினு போயிடுங்க" என்றார். சார் பெட்டியைத் தடவிக் கொடுத்தார். திரும்ப மேஜைமேல் தள்ளினார்.

"வாங்கிட்டன்னு வெச்சிக்கோ தம்பி, அப்பறம் வெலை எறங்கறத பாத்து நான் எப்பிடி சந்தோஷப்படறது?"

இருட்டில் ஒரு ஜாதகம்

அது கரண்ட் இருப்பதைவிட இல்லாதது ஜாஸ்தியாக இருந்த காலம். ஒவ்வொரு கடையிலும் யு.பி.எஸ். ஒன்று மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, கரண்ட் போனதும் 'கீக்... கீக்...' என்று கத்தும். நான் முதன்முதலில் பிடித்த குரலே அதுதான். கரண்ட் நன்றாக இருக்கும்போதே மேஜைக்கு அடியில் போய் ஒரு 'கீக்' போட்டால், கடையில் டைப் அடித்துக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் துள்ளுவார்கள். மாமா அரைத் தூக்கத்தில் எழுந்து மெயின் சுவிட்சுக்கு ஓடுவார்.

மற்றவர்கள் கடையில் தட்டை மானிட்டர், யு.பி.எஸ். அரை மணி தாங்கும். எங்கள் குண்டு மானிட்டருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூடத் தாங்காது. மாமா யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கரண்ட் போனதும் மானிட்டரை மட்டும் அணைத்துவிடுவது. சி.பி.யூ. ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் டைப்பிஸ்ட் ரேவதி அக்கா, பார்க்காமலே மணிக்கணக்கில் அடிக்கிறவர். "திரை எதுக்கு ரேவதி, ஒனக்குத்தான் வெரலே கண்ணு" என்று மாமா ஐஸ் வைத்தார். அக்காவும் கறுப்புத் திரையைப் பார்த்துப் பெருமையாக அடித்தார். ஒருவர் மகளுக்கு வரன் பார்க்கிற விவரம், ஒரு பக்கம் முழுக்க. கரண்ட் வந்ததும் அப்படியே பிரிண்ட். கை ஆரம்பத்திலேயே கீபோர்டில் ஒரு கட்டை தள்ளி விழுந்திருக்கிறது, கடைசி வரைக்கும் தள்ளியே ஓடியிருக்கிறது, தாள் முழுக்க எந்தப் பாஷையிலும் இல்லாத வார்த்தைகள். பெண்ணின் அப்பா தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்த குடுத்தா மாப்ள வூட்டுல பொண்ணு வெளிநாடுன்னு நெனச்சிக்குவாங்க சார், அப்பறம் வரதட்சணைய ஒரு மோதிரத்தோட விடமாட்டாங்க."

சக்கரம்

நைனார்பாளையத்து ஏழுமலை, காலேஜ் சேர்ந்த மகளுக்காக லாட்டிலிருந்து ஒன்று வாங்கினார். மாமாவும் நானும் போய் மாட்டினோம். சுவிட்சைப் போட்டதும் மகள் திரையைப் பார்த்தாள், அம்மா மகளைப் பார்த்தாள், ஏழுமலை மட்டும் வாசலுக்குப் போய் கரண்ட் மீட்டரைப் பார்த்தார். பழைய மீட்டர், உள்ளே ஒரு அலுமினியச் சக்கரம் சுற்றும். "நிறுத்து" என்று கத்தினார். நிறுத்தினோம். "போடு." போட்டோம். "அய்யய்யோ, நிறுத்து!"

மாமா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் போய் மீட்டருக்கு முன்னால் சும்மா நிற்கிற மாதிரி சாய்ந்து நின்றேன். ஏழுமலை, "தம்பி, கொஞ்சம் தள்ளு" என்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பின்பக்கம் போய்ச் சுவருக்கு அந்தாண்டையிலிருந்து, ரீடிங் எடுக்க வருகிறவரின் மூக்கடைத்த குரலில், "இந்த வூடு அடுத்த ஸ்லாப்பு ரேட்டுக்குப் போயிடுச்சும்மா, எழுதிக்கோ!" என்று ஒரு சத்தம் விட்டேன். ஏழுமலை பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். வீடே கும்மிருட்டு. மாமா இருட்டில் என் காதைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார்.

பெட்டியை அவர் திருப்பவில்லை, மகள் அழுதுவிடுவாள். ஆனால் அது ஓடுகிற அரை மணி நேரமும் வீட்டில் விளக்கு, பேன், டிவி எதுவும் ஓடாது. குடும்பமே இருட்டில் விசிறியோடு சுற்றி உட்கார்ந்து அவள் படித்து முடிக்கக் காத்திருக்கும். அடுத்த வாரம் கடைக்கு வந்தபோது ஏழுமலை குறையொன்றும் சொல்லவில்லை.

"பொட்டி நல்லாத்தாங்க ஓடுது, கரண்ட் இல்லாம ஓடறது எப்பனா வந்தா மட்டும் ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க."

மாவு

மார்கழி பிறந்தது. லாட்டில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. மாமாவின் காலண்டரில் பொங்கல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். வீட்டில் அத்தைக்கு வேறு கவலை. குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை.

ஒருநாள் கடைக்குள் வந்த அத்தை, ஓடிக்கொண்டிருந்த மானிட்டரின் முதுகில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மேலே போய் மாவுக் குண்டானைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். மறுநாள் இட்லி பஞ்சு. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ரேவதி அக்கா டைப் அடிக்க, அவர் தலைக்கு நேரே மாவு பொங்கும். தெருவில் இரண்டு வீட்டுக் குண்டான்களும் வந்து சேர்ந்தன. மாமாவுக்கு இதைப் பார்க்கவே வெட்கம். பக்கத்துத் தெருக் கடையில் தட்டை மானிட்டர் ஒன்று இரவல் வாங்கி வந்து, "இதுதான் இனிமே. கரண்ட் பாதிக்குப் பாதி. சூடே ஆவாது, பாரு" என்று அத்தைக்குத் தொட்டுக் காட்டினார். அத்தை தொட்டார். மேலே தடவினார். ஒரு கரண்டி வைக்கிற அகலம்கூட இல்லை.

"இன்னாங்க இது, இத்த கண்டுபுடிச்சவன் வூட்ல இட்லியே சுட மாட்டாங்களா?"

மலைக்குப் போன மானிட்டர்

வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு ஊர். அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிற ராமன் அண்ணன், மனு டைப் அடித்துக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு மனுவுக்கும் மலையை விட்டு இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டியிருந்தது. மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. பஸ்ஸில் ஏற்றினோம். மானிட்டர் ஜன்னல் ஓர சீட்டில், நான் நின்றுகொண்டு. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டார். "அதுக்கு மூணு வயசுகூட ஆவலண்ணே" என்று நான் கிழவிக் குரலில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார்.

மாலையில் மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டோம். திரை விரிந்தது. ராமன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அதே நேரத்தில் தெருவில் இருந்த விளக்குகள் எல்லாம் வாடிய பூசணிப்பூ மாதிரி மங்கின. ஊருக்கே வருவது இத்துனூண்டு கரண்ட்; அதில் பெரும்பங்கை எங்கள் பெட்டி உறிஞ்சிவிட்டது. நாங்கள் அணைத்தோம், விளக்குகள் பிரகாசமாயின. போட்டோம், மங்கின. மூன்றாம் தடவை போட்டபோது வாசலில் பெண்கள் கூட்டம். ஊரில் இரண்டே வீட்டில் டிவி, எல்லாரும் அங்கேதான் நாடகம் பார்ப்பார்கள், மங்கினதும் டிவி கண்ணை மூடிக்கொண்டதாம். மாமா அவர்களுக்கு வோல்டேஜைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். முன்னால் நின்ற அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"அதெல்லாம் கெடக்கட்டும் சார், அந்தப் பொண்ணு தாலிய வாங்கிச்சா இல்லயா, அத்த உங்க கம்ப்யூட்டர சொல்லச் சொல்லுங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் மானிட்டர் எங்களோடு மலையிறங்கியது. அந்தக் கண்டக்டரே வந்தார். திரும்பவும் லக்கேஜ் டிக்கெட்.

சின்னசேலத்திலிருந்து போன்

கடை லேண்ட்லைனில் கூப்பிடுகிறவர் யார் என்று காட்டாது. நான் மேலே வீட்டிலிருந்து அத்தையின் செல்போனில் அந்த நம்பரைப் போட்டு, மாமனார் குரலில் தொண்டையை இரண்டு தடவை செருமி, "மாப்ள... பொட்டியெல்லாம் போச்சுங்களா?" என்று கேட்பது எனக்கு அந்த மார்கழியின் தலைசிறந்த பொழுதுபோக்கு. மாமா கீழே நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "போய்க்கினே இருக்குங்க மாமா, நல்லாப் போவுதுங்க" என்று காற்றுக்கு வணக்கம் வைப்பார். படிக்கட்டில் உட்கார்ந்து நானும் அத்தையும் வாயைப் பொத்திக்கொள்வோம். அவருக்குத் தன் அப்பா குரலைக் கேட்டுச் சிரிப்பு, எனக்கு மாமா முகத்தைப் பார்த்துச் சிரிப்பு. நான்காவது தடவை மாமா கண்டுபிடித்துவிட்டார். செருப்போடு படியேறி வந்தார்.

ஐந்தாவது தடவை நான் கூப்பிடவில்லை. மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே போன் அடித்தது. இரண்டு செருமல். மாமாவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது: "நிறுத்துடா போதும்! மில்லுல வந்து உக்காரணுமா? அந்த மில்லு நாத்தத்துல எருமைகூட நிக்காதுடா! பொட்டி பாதிகூட போவல, போவவும் போவாது, அந்த ஆளு இன்னா பண்ணிடுவாரு?" நான் கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி வந்து, "யாரு மாமா போன்ல?" என்று கேட்டேன். மாமா என்னைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். நான் சொல்கிறேன், அந்த முகத்தை என்னால் இன்றைக்கு வரைக்கும் செய்துகாட்ட முடியவில்லை. அப்போது போனுக்குள்ளிருந்து வந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நாத்தம் பழகிடுங்க, மாப்ள. பொங்கல் முடிஞ்சி மொத வேலை நாளு வந்துடுங்க."

ஆரோக்கியம் சார் ஜெயித்தார்

அடுத்த வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கெல்லாம் அரசாங்கத்தின் இலவச லேப்டாப் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. மாமாவுக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன். வயிறு சதுரமாக இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மாமா வாங்கி ஒரு கையில் தூக்கிப் பார்த்தார். லோடுமேன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறக்கின அத்தனையும் அந்த ஒரு கைக்குள். பிறகு டிராயரிலிருந்து, வயரைக் கவ்விக் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுகிற மீட்டரை எடுத்தார். லேப்டாப் வயரில் வைத்தார். ஒரு குண்டு பல்பு தின்கிற அளவுக்குக்கூட இல்லை. மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த மீட்டர் அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. பேன், மிக்சி, பக்கத்து டீக்கடைப் பிரிட்ஜ், எதைப் பார்த்தாலும் வயரைக் கவ்வினார். துக்கத்தில் ஆளுக்கு ஒரு பழக்கம் வரும்.

மறுநாள் ஆரோக்கியம் சார் வந்தார். மாச ஆரம்பம்கூட இல்லை. கையில் லட்டு டப்பா. சேவியருக்கும் லேப்டாப் வந்திருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், மாமா வாயில் தானே ஒரு லட்டை ஊட்டினார். ஆறு வருஷம் ஒரு மனிதர் பிடிவாதமாகக் காத்திருந்ததற்கு நியாயம் கிடைத்த முகம். மாமா வாய் நிறைய லட்டோடு தலையை ஆட்டினார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லயா, தம்பி? பொறுத்தேன், கடைசி பைசா வரைக்கும் எறங்கிடுச்சு பாத்தியா!"

போகி

போகியன்று அத்தை முடிவெடுத்துவிட்டார். வீட்டில் பழைய கோரைப்பாய், கிழிந்த தலையணை, உடைந்த முறம் எல்லாம் வாசலுக்கு வந்தன. அவற்றுக்குப் பின்னால் வரிசையாக லாட்டும் வந்தது. மாவு வைக்கிற மானிட்டர் மட்டும் உள்ளேயே இருந்தது. அதற்குப் பொட்டு வைத்திருந்தார்.

பழைய இரும்பு எடுக்கிற பாய் தள்ளுவண்டியோடு வந்தார். மானிட்டரைக் காலால் ஒரு தட்டு. "கண்ணாடிப் பொட்டிங்க, இது வாணாம்." சி.பி.யூ.வைத் தூக்கினார். முகம் மலர்ந்தது. தராசில் வைத்தார். இரும்பு தனி, செம்பு தனி, உள்ளே இருக்கிற பச்சைப் பலகைக்குத் தனி விலை. மாமா கணக்குப் போட்டுப் பார்த்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உயிரோடு ஓடுகிற கம்ப்யூட்டராக அதைக் கடைசியாக ஒருத்தர் கேட்ட விலையைவிட, செத்த இரும்பாகப் பாய் சொன்ன விலை ஒரு பிடி ஜாஸ்தி. மாமா, "இன்னா பாய், எப்பிடி?" என்றார். பாய் சி.பி.யூ.க்களை வண்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"கடைங்கள்ல இது எறங்கினே போவுதுன்றாங்க சார், எங்க கடையில மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கினே போவுது."

மோட்டார்

பொங்கல் முடிந்தது. சொன்ன நாளில் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அத்தை திருநீறு பூசிவிட்டார். எனக்கு அன்றைக்கு லீவு, துணைக்குக் கிளம்பினேன். சின்னசேலம் பஸ்ஸில் மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மாமனார் குரலில் ஒரு செருமல் செருமிப் பார்த்தேன். குட்டுகூட விழவில்லை. அப்போதுதான் எனக்கே பயம் வந்தது.

மில்லில் மாமனார் எங்களைச் சுற்றிக் காட்டினார். மரவள்ளிக் கிழங்கு மலைபோலக் குவிந்திருந்தது. அதை அரைக்கிற மிஷினை ஓட்டும் மோட்டாரின் முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றினார். பச்சைப் பெயின்ட், சந்தனம், குங்குமம், மாலை. "எங்கப்பா வாங்கனது, மாப்ள. இத்தினி வருஷம், ஒரு நாளு நின்னதில்ல. எரிஞ்சிபோன காயில மட்டும் ஏழெட்டு வாட்டி மாத்திக் கட்டியிருப்போம்." மாமா கும்பிட்டார். கும்பிட்ட கை கீழே இறங்கும்போது தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. நான் சத்தியமாக எதுவும் தூண்டிவிடவில்லை. மீட்டரை எடுத்தார், வயரைக் கவ்வினார், பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். ஆறு மாசமாக ஊரே அவரைக் கேட்ட கேள்வியெல்லாம் அவர் வாயில் வந்து நின்றது.

"மாமா, இது அரைக்கிறது கம்மிங்க, தின்னறது ஜாஸ்தி. சும்மா குடுத்தாலும் இது நஷ்டம்ங்க. புதுசு ஒண்ணு போட்டா மிச்சமாவற கரண்ட்லயே அதுக்குப் போட்ட காசு வந்துடும். இத்த எடைக்குப் போட்டுடுங்க, செம்பு நல்ல வெலை போவுது."

கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்தினார்கள். மாமனாரின் மீசை முதலில் இந்தப் பக்கம் போனது, பிறகு அந்தப் பக்கம் போனது. "எங்கப்பாவ எடைக்குப் போடுன்றீங்களா?" என்றார். மாமா, "அப்பாவ இல்லீங்க, மோட்டார" என்று திருத்தியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஒரு நீண்ட செருமல். பிறகு சொன்னார்: "மாப்ள, நீங்க போயி கடையவே நடத்துங்க. உங்கள மாரி அறிவாளி எங்க மில்லுக்குக் கட்டுப்படி ஆவாது." மாமா மில்லில் வேலை பார்த்தது மொத்தம் ஒரு டீ ஆறுகிற நேரம். கேட்டைத் தாண்டியதும் ஓடினார் பாருங்கள், அந்த வேகத்தில் நான் அவரைப் பார்த்ததேயில்லை. பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு முழு பிரியாணி.

பத்து நாள் கழித்து மில் ஆள் ஒருத்தர் கடைக்கு வந்து சேதி சொன்னார். அரவை மிஷினில் புது மோட்டார் ஓடுகிறதாம். கரண்ட் செலவைக் குறைக்கத் தனக்குத் திடீரென்று யோசனை வந்தது என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பழைய மோட்டார் ஆபீஸ் ரூமில் மாலையோடு இருக்கிறதாம். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பழசு பழசுன்னு எடுத்துச் சொன்னாலும் பெரியவங்களுக்கு ஒறைக்காதுடா" என்றார். கடையில் அப்போது நல்ல கூட்டம். இலவச லேப்டாப் வாங்கின பிள்ளைகள் அத்தனை பேரும் மவுசுக்கும் தோள்பைக்கும் பாட்டு ஏற்றுவதற்கும் வரிசையில் நின்றார்கள். அவர்கள் நிற்க இடமில்லாமல் பாய் எடுக்காமல் விட்ட மானிட்டர்கள் சுவரோரமாக அடைத்துக்கொண்டிருந்தன. "மாமா, இதையெல்லாம் யாருக்காவது சும்மாவாவது குடுத்து அனுப்பிடலாமா?" என்று கேட்டேன். மாமாவின் சிரிப்பு நின்றது. ஒரு துணியை எடுத்துக்கொண்டுபோய் மானிட்டர் ஒன்றின் கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார்.

"இன்னாடா பேசற நீ, இது இன்னும் அஞ்சி வருஷம் சூப்பரா ஓடும்டா!"

ஆக, இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: எந்த மிஷினும் ஆறே மாசத்தில் பழசாகிவிடுகிறது, அந்தச் சேதி அதன் சொந்தக்காரர் காதுக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை.